சுண்ணாம்பு போடாத ஆரத்தி

தட்டில் ஒரு கரண்டி மஞ்சள்தூள். அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர். என் தங்கை கனகம் விரலால் கலக்கினாள். விரல் ஒரு சுற்று முடிப்பதற்குள் தண்ணீர் சிவந்துவிட்டது.

"அண்ணா, இங்க பாருங்ணா. சுண்ணாம்பு இன்னும் போடவே இல்லீங்."

சுண்ணாம்பு டப்பா மூடி திறக்காமல் அவள் இடது கையில் இருந்தது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால்தான் ஆரத்தி சிவக்கும் என்பது கல்யாண வீட்டில் ஒரு முறை வாசல்படி ஏறியவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது நீச்சல் குளத்தின் மறுகோடியில், ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தேன். விஞ்ஞானம் நடந்துகொண்டிருந்தது.

"தட்டுல பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், கனகம்."

"புளி போட்டு வெளக்குன தட்டுங்ணா."

"அப்ப மஞ்சள்ல கலப்படம்."

அது அவர்கள் காட்டில் விளைந்த மஞ்சள். சொந்தமாக அரைத்தது. ஒரு செய்தியை இரண்டு வாக்கியத்தில் கொன்றுவிடும் பழக்கம் எனக்குப் பத்திரிகை மேசையிலிருந்து வந்தது. அன்றும் கொன்றுவிட்டு, கண்ணாடிக் குழாய்க்குத் திரும்பினேன்.

பத்திரிகையில் இருந்தபோது நான் விட்ட பிழைகளைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். ஓய்வுக்குப் பிறகு பிழையே விடவில்லையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விட்டேன். நாற்பத்து மூவாயிரம் லிட்டர் அளவுக்கு.

நாலடித் தண்ணீர்

கனகத்தின் வீட்டுக்காரர் செல்லமுத்து போர்வெல் ரிக் வைத்திருப்பவர். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. இரண்டு ரிக் வண்டிகள். வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பார். வெளியே வரும் தூளின் நிறத்தைப் பார்த்து, இன்னும் எத்தனை அடியில் ஈரம் என்று சொல்லிவிடுவார். தண்ணீர் மேலே வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. அதற்குள் வண்டி அடுத்த காட்டுக்குப் போயிருக்கும்.

ஒரு வெயில் காலத்தில் ரிக் வண்டியின் மேலிருந்து விழுந்தார். வலது முழங்கால் நொறுங்கியது. சேலத்தில் அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். புண் ஆறிவிட்டது. கால் மட்டும் மடங்கவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிசியோதெரபி மையத்திலிருந்து நிவேதா என்ற பெண் வாரம் ஒரு முறை வந்து பார்ப்பார். ஒரு பிளாஸ்டிக் கோணமானியை முழங்காலில் வைத்து அளப்பார். அறுபது டிகிரி. லாரிப் படி ஏறத் தொண்ணூறு வேண்டும்.

"நெஞ்சளவு தண்ணியில தெனமும் நடக்கணுங்க. தண்ணி பாரத்தத் தாங்கிக்கும், வலி தெரியாம மடக்கலாம். இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள மடங்கலைன்னா அப்புறம் இறுகிடும். மறுபடியும் ஆபரேஷன்தான்."

மறுபடியும் கத்தி என்றதும் செல்லமுத்துவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஆயிரம் அடி பாறையைத் துளைத்தவர், தன் காலில் இன்னொரு துளை என்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தினமும் சேலத்தில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போய் வரலாம்தான். காலை நீட்டியபடி காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார அவரால் முடியாது. தண்ணீர் இருக்கிறது, இடம் இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒப்பந்தக்காரரை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் மூன்றே வாரத்தில் முப்பதடி நீளத்தில் ஒரு குளம் கட்டினார். ஆடம்பரம் ஒன்றும் இல்லை. சிமென்ட் பூச்சு, இறங்குவதற்குப் படி, பிடித்துக்கொள்ள ஓர் எவர்சில்வர் கம்பி, தண்ணீரை வடிகட்ட ஒரு மோட்டார்.

நிபுணர் நியமனம்

குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். கனகத்துக்கு உடனே என் நினைவு வந்தது.

"எங்க அண்ணன் தண்ணியப் பத்திப் பேப்பர்ல வாரக்கணக்கா எழுதுனவருங்."

எழுதினேன். மறுக்க முடியாது. மாவட்டத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மை பற்றி நான்கு வாரத் தொடர். அதற்காக நான் எந்த ஆய்வகத்துக்கும் போகவில்லை. ஆய்வக அறிக்கையைத் தொலைபேசியில் ஒருவர் வாசித்தார், நான் குறித்துக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் ஓர் எண்ணில் ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக விழுந்தது. அதன்படி பார்த்தால் ஓர் ஊர் மக்கள் குடித்துக்கொண்டிருந்தது தண்ணீரே அல்ல, கல். அந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: "ஐயா, நாங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம்."

இந்தத் தகுதியோடு வேலையில் சேர்ந்தேன். இரண்டு வேட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் தோட்டத்து வீட்டுக்கு வந்து தங்கினேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒப்பந்தக்காரர் ஒரு பெட்டியை ஒப்படைத்தார். உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய்கள், இரண்டு சொட்டு மருந்துகள், ஒரு மடித்த தாள். ஒரு குழாய் குளோரினுக்கு. எவ்வளவுக்கு எவ்வளவு அடர்ந்த மஞ்சளோ அவ்வளவு குளோரின். இன்னொன்று பி.எச். அளவுக்கு, அதாவது தண்ணீர் புளிப்புப் பக்கம் நிற்கிறதா, சுண்ணாம்புப் பக்கம் நிற்கிறதா என்று பார்க்க. மஞ்சள் தெரிந்தால் புளிப்புப் பக்கம். சிவந்தால் சுண்ணாம்புப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆரஞ்சு நிறம். அதுதான் மனிதர் இறங்கும் தண்ணீர்.

"சந்தேகம்னா போன் பண்ணுங்க சார்," என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

கொஞ்சம் கூடுதலாக

நாற்பத்து மூவாயிரம் லிட்டர் போர்த் தண்ணீர் நிரம்ப மூன்று நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை பூசை, புதன்கிழமை நிவேதா வந்து செல்லமுத்துவை இறக்குவது என்று முடிவு.

சனிக்கிழமை சாயங்காலம் குளோரின் தூள் போட்டேன். தாளில் அளவு இருந்தது. புதுக் குளம், முதல் தடவை, கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் தப்பில்லை என்று நினைத்தேன். அந்தக் 'கொஞ்சம்' இரண்டு கிலோ. இட்லி மாவுக்கு உப்புப் போடும் கையில்கூட அந்தத் தாராளம் இருக்காது.

மறுநாள் பூசை. கனகம் மூலையில் பிள்ளையார் பிடித்து வைத்து, அருகம்புல் செருகி, கற்பூரம் காட்டினாள். குளத்துக்கே ஆரத்தி சுற்ற வேண்டும் என்று குளத்துத் தண்ணீரையே செம்பில் மொண்டு தட்டில் ஊற்றினாள். அப்போது நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

என் பரிசோதனையின் முடிவு வேறாக இருந்தது. குளோரின் குழாய் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தது. "வலுவாக உள்ளது" என்று நோட்டில் எழுதினேன். பி.எச். குழாய் வெளிறிய மஞ்சள். தாளில் இருந்த நிற வரிசையில் அது கடைசிக்கும் கீழே. "மிகவும் குறைவு. உயர்த்த வேண்டும்" என்று எழுதி, அடிக்கோடிட்டேன்.

உயர்த்துவதற்கு, அதாவது சுண்ணாம்புப் பக்கம் தள்ளுவதற்கு, சோடாத் தூள். திங்கட்கிழமை காலையில் நாமக்கல் போய் வாங்கி வந்து மூன்று கிலோவைத் தூவினேன். தூவிவிட்டு, கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி கேட்டேன்.

காபி வருவதற்குள் குளம் வெளுத்தது. முதலில் தூள் விழுந்த இடத்தில் ஒரு மேகம். பிறகு அது கை கால் நீட்டிப் படர்ந்தது. அடியில் ஒப்பந்தக்காரர் ஆசையாகப் பதித்திருந்த நீல டைல் வரி மறைந்தது. படி மறைந்தது. டம்ளரைக் கீழே வைத்தபோது என் எதிரே இருந்தது ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் மாவுப்பால் தேக்கி வைக்கும் தொட்டி.

செல்லமுத்து ஊன்றுகோலுடன் மெல்ல வந்தார். கரையில் நின்றார்.

"ஏனுங்க மச்சான், ஆயிரத்துச் சொச்சம் அடி ஓட்டித் தண்ணி எடுத்தவன் நானு. நாலடித் தண்ணிய உங்க கையில குடுத்தேன். மோராக்கிப் போட்டீங்களே."

"புதுக் குளம்னா முதல்ல இப்படித்தான் இருக்கும், மாப்ள. தானாத் தெளியும்."

ஆதாரம் இல்லாத அந்த வாக்கியத்தை நான் மிக நிதானமான குரலில் சொன்னேன். ஆதாரம் இல்லாதவற்றை நிதானமான குரலில் சொன்னால் ஒரு நாள் தாங்கும். அது மாலைப் பதிப்பில் கற்றது.

"தாளிச்சுக் கொட்டீருங்க," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். வலது கால் குச்சி மாதிரி நேராகவே போனது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வந்துகொண்டிருந்த சிரிப்பு நின்றது.

புதன்கிழமை

நிவேதா வந்தார். மாற்றுடைப் பையுடன் நேராகக் குளத்துக்குப் போனவர், அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"அடியே தெரியலைங்களே. படி எங்க இருக்குன்னு எனக்கே தெரியல, இவர எப்படிங்க எறக்கறது? தோலும் எரிச்சல் எடுக்கும். தையல் போட்ட எடம் வேற."

"ரெண்டு நாள்ல தெளிஞ்சிரும்மா," என்றேன்.

அவர் கோணமானியை எடுத்து அளந்தார். அறுபது. கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அழுத்திப் பார்த்தார். செல்லமுத்து பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி அளந்தார். அறுபது.

"ஒரு வாரம் போயிருச்சுங்க," என்றார் நிவேதா. குற்றம் சாட்டும் தொனி இல்லை. தேதி சொல்வதுபோல் சொன்னார்.

கனகம் நிவேதாவுக்கு மோர் கொடுத்தாள். "குடி சாமி," என்றாள் வாஞ்சையாக. அந்த நேரத்தில், வெள்ளையாக, மோர். நான் வெளியே போய் மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டேன்.

ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்திருக்கலாம். எண் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறை வைத்தேன். அவரிடம் சிரித்த அந்தச் சிரிப்பு குறுக்கே நின்றது.

இரண்டு டம்ளர்

வியாழக்கிழமை காலை கனகம் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். மேடையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். கடையில் ஒட்டிய காகிதம்கூடப் பிரிக்காதவை.

"புது டம்ளருங்ணா. இதுல பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்காது."

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதை அவள் மறக்கவில்லை.

"இது போர்க் குழாயில புடிச்ச தண்ணி. இது குளத்துல மொண்டது. ரெண்டுக்கும் இந்த ஒரே டப்பா மஞ்சள்."

இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி போட்டுக் கலக்கினாள். போர்த் தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது. குளத்துத் தண்ணீர் கரண்டி திரும்புவதற்குள் ரத்தச் சிவப்பானது.

"மஞ்சள்ல கலப்படம்னா ரெண்டும்ல செவக்கோணும்?" என்றாள். "எனக்கு உங்க குழாய் கதையெல்லாம் தெரியாதுங்ணா. ஆனா அந்தக் குளத்துல சுண்ணாம்பு இருக்குது. நீங்க குறைவுன்னு அதுக்கு மேலயும் கொட்டியிருக்கறீங்க."

ஒரே மஞ்சள், ஒரே அளவு, ஒரே பாத்திரம், தண்ணீர் மட்டும் வேறு. இதைவிடச் சுத்தமான சான்றை முப்பது வருடத்தில் எந்த நிருபரும் என் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. என் கண்ணாடிக் குழாயின் கணக்கும் இதேதானே: குறைந்தால் மஞ்சள், கூடினால் சிவப்பு. கடையில் வாங்கிய சொட்டு மருந்து செய்யும் வேலையை அவளுடைய அஞ்சறைப்பெட்டி செய்துகொண்டிருந்தது. அப்படியானால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

நோட்டில் செருகியிருந்த அந்தத் தாளை எடுத்தேன். முன்பக்கம் எனக்கு மனப்பாடம். பின்பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கம் ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பொடி எழுத்தில் இரண்டு செய்திகள். ஒன்று: புதிய சிமென்ட் பூச்சிலிருந்து பல வாரங்களுக்குச் சுண்ணாம்பு கசியும், பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் பி.எச். குழாயில் நிறம் வெளுத்துவிடும். அந்த அளவை நம்ப வேண்டாம்.

ஆக, நான் கொட்டிய குளோரின் குழாயின் நிறத்தைத் தின்றது. நிறமில்லாத குழாயைப் பார்த்து நான் புளிப்பு என்றேன். புளிப்பு என்று நம்பி, ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் சோடாவைக் கொட்டினேன். கல் கரைந்திருந்த போர்த் தண்ணீர் அந்தக் கல்லை வெள்ளைத் தூளாக வெளியே தள்ளிவிட்டது. பால் அல்ல, கல். அந்த ஊர்க்காரர் கடிதம் நினைவுக்கு வந்தது.

பத்திரிகையில் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் நான் முதல் நாளே சொன்ன ஒரு வாசகம் உண்டு: தாளின் பின்பக்கத்தையும் படி. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

திருத்தம்

பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த மன்னிப்பு ஒன்றுதான். ஒரு தாளில் எழுதி மோட்டார் அறைக் கதவில் ஒட்டினேன். "ஞாயிற்றுக்கிழமை குளத்து நீரின் அளவு குறைவு என்று கூறப்பட்டது தவறு. அதிகம் என்று இருந்திருக்க வேண்டும். மஞ்சளில் கலப்படம் என்று கூறப்பட்டதும் தவறு. வருந்துகிறோம்."

கனகம் படித்துப் பார்த்தாள்.

"கூறப்பட்டதுன்னா? யாருங்ணா கூறுனது?"

அடித்துவிட்டு "நான் கூறியது" என்று எழுதினேன். செல்லமுத்து ஊன்றுகோலில் சாய்ந்தபடி படித்தார். "இதையெல்லாம் எழுதி ஒட்டற நேரத்துக்கு அந்த ஆளுக்குப் போனப் போடுங்க மச்சான்," என்றார்.

போட்டேன். ஒப்பந்தக்காரர் சிரிக்கவில்லை. அது இன்னும் வலித்தது. மூன்றே விஷயம் சொன்னார்: குளோரின் போடுவதை நிறுத்துங்கள், வெயில் அதைக் குறைத்துவிடும். மோட்டாரை ஓடவிடுங்கள். ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆசிட்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டேன். அந்தச் சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது.

"அரை லிட்டர் சார். அதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்."

காலையில் அரை லிட்டர், மாலையில் அரை லிட்டர். கரையோரம் நடந்துகொண்டே ஊற்றினேன். வேட்டியில் மூன்று ஓட்டை விழுந்தது. வெள்ளிக்கிழமை பால் நீர்மோரானது. சனிக்கிழமை என் கண்ணாடிக் குழாய் சிவந்தது. இரண்டு நாள் வெயிலில் குளோரின் குறைந்ததும் அதுவும் உண்மையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் படி தெரிந்தது. திங்கட்கிழமை நீல வரி, தூக்கத்திலிருந்து எழுந்தவன் கண்போல மங்கலாக.

ஒவ்வொரு நாளும் இரண்டு சோதனை. கரையின் இந்தப் பக்கம் நான், குழாயுடன். அந்தப் பக்கம் கனகம், டம்ளருடன். அவளுடைய டம்ளர் ரத்தச் சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கும், பிறகு மாம்பழ நிறத்துக்கும் இறங்கியது. சின்னச் சின்ன வித்தியாசங்களைக் குழாய்தான் காட்டும். ஆனாலும் நான் முதலில் டம்ளரைத்தான் பார்த்தேன். அதற்குப் பொய் சொல்ல வருவதில்லை.

அடுத்த புதன்

நிவேதா குளத்தை எட்டிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். அது அடியில் போய் உட்காரும் வரை கண்ணால் தொடர்ந்தார்.

"அளவு பார்த்துட்டீங்களா சார்?"

என் குழாய் ஆரஞ்சு. நான் கனகத்தைப் பார்த்தேன். அவள் டம்ளரைக் கலக்கி, வெயிலில் நீட்டினாள்.

"மஞ்சளாவே நிக்குதுங்ணா. எறங்கச் சொல்லுங்க."

செல்லமுத்து கம்பியைப் பிடித்தார். முதல் படி. இரண்டாவது. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நின்றுவிட்டார். உதட்டைக் கடித்திருந்தார். கனகம் சேலை முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எரியுதுங்களா?" என்றேன்.

"எரியலீங்க மச்சான். சில்லுன்னு இருக்குது. பயப்படாதீங்க, உங்களத் தள்ளிவிட மாட்டேன்."

நெஞ்சளவு தண்ணீரில் நிவேதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். முப்பதடி போகப் பத்து நிமிடம் ஆனது. அந்தக் கோடியில் நிவேதா ஏதோ சொன்னார். செல்லமுத்து மூச்சை இழுத்தார். தெளிந்த தண்ணீருக்குள், நீல வரிக்கு மேலே, அந்தக் கால் மெல்ல மடங்குவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் தெளிவாக இல்லையென்றால் அதைப் பார்த்திருக்க முடியாது. இது ஒன்றுதான் இந்த விவகாரத்தில் என் பங்களிப்பு.

மேலே ஏறியதும் துண்டால் துடைத்து அளந்தார்கள். அறுபத்தெட்டு.

"தொண்ணூறுக்கு இன்னும் தூரமுங்க," என்றார் நிவேதா. ஆனால் சிரித்தார். "தெனமும் நடந்தா வரும். தண்ணி இப்படியே இருக்கணும்."

"இருக்கும்," என்றேன். எவ்வளவு போடுவேன் என்று கேட்டிருந்தால் 'கொஞ்சம்' என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

செல்லமுத்து நாற்காலியில் உட்கார்ந்து, எட்டு டிகிரி கூடிய காலைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். கனகம் தட்டுடன் வந்தாள். குளத்துத் தண்ணீர், மஞ்சள்தூள். கலக்கினாள். மஞ்சளாகவே இருந்தது. பிறகு டப்பாவைத் திறந்து, விரல் நுனியில் துளி சுண்ணாம்பு எடுத்து, என் முகத்துக்கு நேராக ஒரு முறை காட்டிவிட்டுத் தட்டில் இட்டாள்.

சிவந்தது.

வீட்டுக்காரருக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனவள், என் நாற்காலி அருகே நின்றாள்.

"இந்தத் தடவ சுண்ணாம்பு நாந்தாங்ணா போட்டேன். நோட்டுல எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.